சுவரில் செத்துப்போன சடையன்

கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித்தான் நடமாட்டம். அப்போதும் சும்மா இருக்கமாட்டாள். புருஷன் சடையன் பிடுங்கிவந்து கொட்டுகிற மல்லாட்டைச் செடியிலிருந்து கைத்தடவலிலேயே கடலையை ஆய்ந்து வைப்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், வெளிநாட்டார் உதவியோடு திருவண்ணாமலையில் கண் முகாம் நடக்கிறது என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சடையன் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனான். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் அவள் முகத்தைக் கழுவிப் பொட்டை அழித்தாள். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அப்போது எதிரே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வைத்தியத்தில் அதுவும் ஒன்று போலிருக்கிறது என்று வெள்ளையம்மாள் பேசாமல் இருந்துவிட்டாள்.

கட்டுப் பிரித்துப் புண் ஆறிய பிறகு, கண்ணாடி வாங்க இருவரும் மறுபடி திருவண்ணாமலைக்கு வந்தார்கள். தடித்த கண்ணாடியை மாட்டியதும் தரை எழும்பி முகத்துக்கு வருவதுபோல் இருந்தது. சடையன் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவள், எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றாள். ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர். அதில் நரைத்த தலையும் ஒட்டிய கன்னமுமாக ஒருத்தி, வெள்ளை விழியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவம், யார்யா இந்தக் கெழவி?"

சடையன் போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாய்யா, தெரிஞ்சவங்களா?"

"நீதான்டி" என்றான்.

வெள்ளையம்மாள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் போகும்போது அவள் தலைமுடி கறுப்பு. அந்த முகத்தைத்தான் இத்தனை காலமும் தன் முகம் என்று நினைத்திருந்தாள்.

"கீழ இன்னா எழுதியிருக்கு? படிய்யா."

சடையன் எழுத்துக்கூட்டி இரண்டு வார்த்தை படித்தவன், அப்படியே நின்றுவிட்டான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் உதவி செய்வதாக நினைத்து, "ஆதரவற்ற விதவை, கண்ணொளி தாருங்கள்னு போட்டிருக்குதும்மா" என்றார்.

வெள்ளையம்மாள் பக்கத்தில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சடையன் கையை இறுகப் பிடித்தாள்.

பஸ்ஸை விட்டுவிட்டு முகாம் ஆபீசுக்கே திரும்பினார்கள். விளம்பரம் பார்க்கிற ராமதாஸ் எழுந்து நின்று, "கண்ணு நல்லா தெரியுதாம்மா?" என்று சிரித்தபடி கேட்டார்.

"தெரியுது சார். இவரும் தெரியறாரு. இவரு செத்துட்டதா நீங்கதான் எழுதியிருக்கீங்க."

ராமதாஸ் சடையனைப் பார்த்தார். "போட்டோவுல நெத்தியில பொட்டு இல்லாததப் பார்த்து... கேக்காம எழுதிட்டேம்மா. தப்புதான்."

"எங்கெங்க ஒட்டியிருக்கீங்க?"

"இங்க சுத்துவட்டாரம் பூரா. வெளிநாட்டுக்கும் போயிருக்குது."

கடல் தாண்டி யார் யாரோ தன்னைப் பார்த்து விதவை என்று உச்சுக்கொட்டுவதை நினைத்து, வெள்ளையம்மாள் தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சடையன் மட்டும் மெதுவாக, "நா ஒண்ணும் சாகலியே சார்" என்றான்.

ஊர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. அடி அண்ணாமலையிலிருந்து தங்கச்சி பொன்னி வந்து, பூட்டிய வீட்டு வாசலில் மாரடித்துக்கொண்டிருந்தாள். கடைச் சுவரில் போஸ்டரைப் பார்த்தாளாம். யாரோ படித்துச் சொன்னார்களாம். "மாமா போனத எனக்குச் சொல்லாம விட்டுட்டியே அக்கா!" என்று தலை நிமிர்ந்தவள், அக்காவுக்குப் பின்னால் சடையன் வருவதைப் பார்த்து வீலென்று கத்தினாள்.

"நான்தான் பொன்னி, உசுரோடதான் இருக்கேன்" என்று அவன் கிட்டே போனதும் கைகால் உதறிச் சாய்ந்தாள். தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்கள்.

ராமதாஸ் இந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டியதையெல்லாம் ஆள் வைத்துக் கிழித்தார். வெளிநாட்டில் ஒட்டியது என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷ முகாமுக்கு ஜீப் வந்தபோது, அவரே இறங்கி வந்து தயங்கித் தயங்கி வெள்ளையம்மாளிடம் மைக்கை நீட்டினார். அவள் பெரிய பொட்டோடு ஜீப்பில் ஏறி நின்றாள்.

"கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மா பேசறேன். ஆபரேசன் பண்ணி எனக்குக் கண்ணு தெரியுது. எங்க வூட்டுக்காரரு சடையன் நல்லா இருக்காரு. பயப்படாம வாங்க."

கூட்டம் சிரித்தது. சடையன் சிரிக்கவில்லை. அந்தப் போஸ்டருக்குப் பிறகு, கழனியிலிருந்து அவன் திரும்பக் கொஞ்சம் நேரமானாலும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தெருமுனைக்கு ஓடிவருவது அவனுக்குத்தானே தெரியும்.