ஒரு விரலுக்கு ஒரு பட்டன்

அன்று எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர்கள்: எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பெரியசாமி. சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் கொண்டுவந்த சேகர். தரை துடைக்கும் மாரியம்மா. நான்.

நேற்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்றபோது அந்த ஆபீஸ் ஞாபகம் வந்தது. கடைப் பெண் ஒரு கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டைப் அடித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

எனக்கு அப்படி இல்லை. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில், காப்பிப் பழத்தோல் உரிக்கும் மெஷின் என் இடது கை விரல்களைக் கொண்டுபோய்விட்டது. புளித்த தோல் வாசனை வந்தால் இன்றும் அந்த விரல்கள் கூசும். இல்லாத விரல் எப்படிக் கூசும் என்று கேட்காதீர்கள். கூசும்.

அதன்பிறகு ஆபீஸில் டைப் அடிக்கப் போட்டார்கள். ரைட்டர் இங்கிலீஷில் எழுதித் தருவதை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. அடித்ததைச் சேமிக்க, இடது ஓரத்துப் பட்டனை அமுக்கிக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும். என் மொண்ணைக் கை பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கும். அடித்தது அழிந்துபோகும்.

“இவனால முடியாதுங்க. வேற ஆளப் பாத்துக்கலாம்” என்றார் ரைட்டர்.

வேறு ஆள் வந்தால் நான் காப்பி காயும் களத்துக்குப் போக வேண்டும். குரங்கு விரட்டும் வேலை. பாதிக் கூலி.

“இருங்க. உள்ள இருக்கற கட்டளைய வேற பட்டனுக்கு மாத்தலாம்” என்றான் சேகர். மேல் வரிசையில் சில பட்டன்களில், பட்டனுக்கு ஒரு கட்டளையாக ஏற்றினான். பிளாஸ்திரி வெட்டி, எது எதற்கென்று எழுதி மேலே ஒட்டினான்.

மாரியம்மா எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க தம்பி, இருக்கற விரலுக்கு ஒண்ணா எண்ணி வெச்சீங்களா?”

ரைட்டர்கூடச் சிரித்தார்.

மழைக்காலம் முழுக்க வேலை அப்படியே ஓடியது. மூடுபனி ஈரத்தில் பிளாஸ்திரிகள் உதிர்ந்தன. எனக்கு அவை தேவைப்படவில்லை. அதனால் மறுபடி ஒட்டவில்லை.

ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். முதலாளிக்குப் போகவேண்டிய ரிப்போர்ட்டை ரைட்டரே அடித்திருக்கிறார். சந்தேகம் வந்து, உதவி கேட்கும் பழைய பட்டனைத் தட்டினார். அது இப்போது வெளியேறும் பட்டன். எதுவும் கேட்காமல் மூடிவிடும். காலையிலிருந்து அடித்தது போயிற்று.

சேகரை வரவழைத்தார்கள். நானும் போனேன்.

“ஏனுங்க, அவருக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி வெக்க முடியாதுங்களா?” என்று சேகரிடம் கேட்டேன்.

“இதுல ஒண்ணுதாங்கண்ணா நிக்கும். யாரு உக்காந்தாலும் அதேதான்.”

“அப்பறம் என்ன? பழையபடியே ஆக்கீருங்க சாமி” என்றார் ரைட்டர். “ஒருத்தனுக்காக மிஷினவே மாத்தி வெக்கறதா?”

சேகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள் களத்தில் நின்றேன். கடைசிவரை அங்கேதான். குரங்குக்கு என் கையைப் பற்றிக் கவலையில்லை.

ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கேட்டேன், பட்டனை மாற்றி வைக்க முடியுமா என்று.

“இப்பெல்லாம் அவங்கவங்களுக்குத் தனித்தனியா வெச்சுக்கலாங்க தாத்தா.”

ரைட்டர் இறந்துவிட்டார். மாரியம்மாவும். சேகர் எங்கே என்று தெரியாது. களத்தில் இப்போது ரிசார்ட்டுக்கு வருபவர்கள் கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பட்டன் வரிசை மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. சேமிக்க, திறக்க, வரியை அழிக்க, அச்சடிக்க, வெளியேற.

ஐந்து.