செல்லி குடித்த பாவுக் கஞ்சி

முருகனை நம்பும் அன்பர்களே, நான் சொல்லப்போவது ஒரு பூனையின் உயிரைப் பற்றி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

யுத்த காலம். சர்க்கார் கண்ட்ரோலில் அளந்து கொடுக்கிற கொஞ்சம் நூலைப் பொன்போலக் காப்பாற்றிய வருஷம். திருத்தணி மலையடியில் எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், ஒரு தறி, செல்லி என்ற பூனை, அவ்வளவுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனைக்கு எலி வரும். அதற்காகப் பூனை வளர்க்கிறோம் என்று வெளியே சொல்வேன். உண்மையில், கல்யாணமாகிப் பல வருஷமாகியும் என் மடியில் படுக்க வேறு யாரும் வரவில்லை. பிள்ளை கேட்டுக் கேட்டு அலுத்து, முருகனிடம் பேசுவதையே விட்டிருந்தேன். மலைக்குப் போவேன், கும்பிடுவேன், ஒன்றும் கேட்கமாட்டேன். அவனே சினம் தணிந்து வந்து உட்கார்ந்த மலையடியில் குடியிருந்துகொண்டு, நான் மட்டும் கோபத்தோடு இருந்தேன்.

ஆடி மாதம் தெருநாய் ஒன்று செல்லியின் வயிற்றைக் கிழித்துவிட்டது. முந்தானையில் பொதிந்துகொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். பூனையா என்று டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, பொறுமையாகத் தைத்தார். தையலை நக்கிப் பிரிக்க விடாதே, அதிகம் அசைக்காதே, சீக்கிரம் ஆகாரம் இறங்காவிட்டால் பிழைக்காது என்று சொல்லி அனுப்பினார்.

தறி ஓரமாகப் பழந்துணி விரித்துப் படுக்கவைத்தேன். பால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலால் தொட்டு வாயில் தடவினால் வழியவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. கருவாடு சுட்டுக் காட்டினால் தின்னும் என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா. ஆனால் என் வீட்டுக்காரர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தார். மாலை போட்ட வீட்டில் கருவாடு நுழையலாமா? அவரையே கேட்டேன். செல்லியின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"வெரதத்த முறிச்சிட்டு எந்த மொகத்தோட மலையேறி இத காப்பாத்துன்னு கேக்கறது? நீ கேளு சரசா. நீ அவன்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சே."

எனக்குத் தெரியாமல் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது.

அடுப்பில் பாவுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளறியபடியே கேட்டேன்: "முருகா, பெருசா ஒண்ணும் கேக்கல. ஒரு வாய் எறங்கட்டும்."

எழுந்து நிற்கத் தெம்பில்லாத நிலையிலும் செல்லி தையலை நக்க மட்டும் கழுத்தைத் திருப்பியது. நெசவுக்காரிக்கு வேறு என்ன யோசனை வரும்? கஞ்சி போட்டால் நூல் விறைக்கிறது. துணியும் விறைக்கும், பூனை வளைந்து நக்க முடியாது என்று ஒரு துண்டைக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் செல்லி அந்தத் துணிக்கட்டையே நக்கிக்கொண்டிருக்கிறது. துணி நனைந்து தொய்ந்து கிடக்கிறது. தையல் போச்சே என்று அதன் தலையை விலக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. தையல எங்க நக்குது? கஞ்சியத்தான் நக்கிகினு இருக்குது. தொண்டைய பாரு, எறங்குது."

ஓடிப்போய் மிச்சக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து உள்ளங்கையில் ஏந்தினேன். சொரசொரவென்று அந்த நாக்கு கையில் பட்டதும், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கஞ்சிக்குப் பிறகு பால் இறங்கியது. காவடி எடுத்து அவர் படியேறிய அன்று செல்லி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தையல் பிரித்த டாக்டர், கஞ்சிக் கதையைக் கேட்டுவிட்டு, யார் சொன்ன வைத்தியம் இது என்று கேட்டார். நான் மலையைக் காட்டினேன்.

எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. இதை மறைத்தால் என் சாட்சி பொய்யாகிவிடும். ஆனால் அன்றிலிருந்து தினமும் முருகனோடு பேசுகிறேன், சில நாள் சண்டையும் போடுகிறேன். கேட்ட பெரிய வரம் கிடைக்கவில்லையே என்று மனம் கசந்து போனவர்கள் உங்களில் இருந்தால், சின்னதாக ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பூனைக்காகக் கேட்டாலும் காதுகொடுக்கிறான். அத்தனை வருஷமும் பேச்சை விட்டது நான்தான், அவன் விடவில்லை.