கிண்ணத்துக்குள் இருந்த துண்டு

வெள்ளவத்தையில் நடந்த விவாதப் போட்டியில் எனக்குக் கிண்ணத்தை வென்று தந்தது ஒரே ஒரு வரி. தலைப்பு, சிறுநீரக நோய். வடமத்திய மாகாணத்து உழவர்களின் துயரத்தை ஐந்து நிமிடம் எடுத்துரைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அவையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்து, நான் சொன்னேன்: "குழாயைத் திறந்து நீரருந்தும் கொழும்பாருக்கு இந்நோய் ஒரு செய்தி, கிணற்றை நம்பி வாழும் உழவருக்கோ இதுவே விதி." கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நடுவர் ஒருவர் அவ்வரியைத் தம் தாளில் எழுதிக்கொண்டதை மேடையிலிருந்தே கண்டேன்.

அழகான வரிதான். இன்றும் அதை மறுக்கமாட்டேன். அதன் முற்பாதி பொய் என்பதைத்தான் அன்று நான் அறிந்திருக்கவில்லை.

என் நேரக்காப்பாளர் அப்பா. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் வீட்டில் நான் பேசிப் பழகும்போது, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் அமர்ந்து, தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டுவார். நான்காம் நிமிடத்தில் ஒரு தட்டு, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு. இரண்டாவது தட்டு விழுந்ததும் சொல்லின் நடுவே இருந்தாலும் வாயை மூடிவிட வேண்டும். பெற்ற மகள் என்பதற்காக அரை நொடியும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. பல ஆண்டுகளாக அவருக்குச் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு; பிரஷரும் உண்டு. முழங்கால் நோவுக்குத் தாமாகவே பார்மசியில் குளிசை வாங்கி, நாளுக்கு இரண்டு விழுங்கி வந்தார்.

அடுத்த ஞாயிறு, தேவாலயப் பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் அதே பேச்சை மீண்டும் நிகழ்த்தித் தரும்படி எங்கள் சுவாமியார் கேட்டிருந்தார். மேடையில் வைப்பதற்காகக் கிண்ணத்தைத் துடைக்க எடுத்துக் கவிழ்த்தேன். உள்ளிருந்து நாலாக மடித்த கடதாசித் துண்டொன்று விழுந்தது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சிறுநீரகங்களின் நிலையை அறிய வேண்டுமென்று கிளினிக் மருத்துவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது. நான்கு மாதப் பழையது.

"அப்பா, என்ன இது?"

"பழைய துண்டு, மகள். திரும்ப உள்ளுக்குப் போடு."

"கிட்னி டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கிறாங்க. ஏன் போகேல்ல?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். அம்மாவிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். "கொழும்பாருக்கு இந்நோய் ஒரு செய்தி. நீதானே சொன்னனீ? சும்மாவா கப் தந்தாங்கள்?"

"நல்லா வேணும் உங்க ரெண்டு பேருக்கும்" என்றார் அம்மா.

திங்கட்கிழமை துண்டோடு அந்த மருத்துவரிடம் சென்றேன். கொழும்பு போன்ற ஊர்களில் சிறுநீரகங்களைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை சீனியும் பிரஷரும்தான் என்றார். சில நோவுக் குளிசைகளை நாள்தோறும் விழுங்கினால் அவையும் அந்தக் கூட்டில் சேர்ந்துகொள்ளுமாம். சிறுநீரகம் முறையிடாத உறுப்பு. பெரும்பகுதி பழுதான பின்னரே பலருக்கு அறிகுறி தெரியும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் அணி இல்லை, அடுக்குமொழி இல்லை. என் ஐந்து நிமிடத்தையும் அது சாய்த்துவிட்டது.

அன்று மாலை அப்பாவின் கையில் கரண்டியைக் கொடுத்தேன். என்னிடமிருந்த அத்தனை வித்தையையும் காட்டிப் பேசினேன். இரண்டு தட்டு விழுந்தது.

"பிரமாதம்! முதற்பரிசு உனக்குத்தான். ஆனா நான் போகமாட்டன்."

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போர்ட்டில என்னோட ஒரே மேசையில இருந்தவர் ஞாபகமா? டெஸ்ட் பண்ணப் போனார். அதே கிழமைக்குள்ள ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல போட்டாங்கள். போகாம இருந்திருந்தா இண்டைக்கும் இருந்திருப்பார்."

அவர் அஞ்சியது நோயை அன்று, அதைக் கண்டுபிடிக்கும் தாளை. என் வரி அவருக்கு ஒளிந்துகொள்ள ஓரிடம் தந்திருந்தது, அவ்வளவுதான்.

"அவர் போனது கால் வீங்கி, மூச்சு முட்டின பிறகு, அப்பா. முந்திப் போயிருந்தா..."

கோப்பையில் இரண்டு தட்டு. நிமிடம் ஒன்றுகூட ஆகியிருக்கவில்லை.

மேடையில் தந்ததை மேடையிலேயே திரும்பப் பெறுவது என்று அக்கணமே முடிவு செய்தேன்.

ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைக்கு முன்னால், மணி வைத்த சிறு மேசையில், வழமைபோல் அப்பா. நான் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"அன்பார்ந்தோரே, இக்கிண்ணத்தை வென்ற பேச்சுக்கு எதிரணியில் இன்று நான் நிற்கிறேன்."

சலசலப்பு எழுந்தது. சுவாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மருத்துவரிடம் கேட்டறிந்ததை, அவர் சொன்ன எளிமையிலேயே சொன்னேன். நான்காம் நிமிடத்தில் மணி ஒருமுறை ஒலித்தது. அப்போது கேட்டேன்: "இவ்வவையில் சீனி வருத்தம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்."

கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. மணியின் மேலிருந்த கையும் எழுந்தது.

"பிரஷர் உள்ளவர்கள்? மருத்துவர் துண்டு இல்லாமலே நோவுக் குளிசை வாங்குகிறவர்கள்?"

வேறு கைகளும் சேர்ந்தன. அப்பாவின் கை இறங்கவில்லை.

"குழாய்நீர் நம்மைக் காக்காது. சோதனை நோயைக் கொண்டுவருவதில்லை; நம்முள் ஏற்கெனவே ஒளிந்திருப்பதைப் பிடித்துத் தருகிறது. நேரத்தோடு பிடித்தவர்களுள் பலர் இயந்திரத்தின் பக்கமே போகாமல் வாழ்கிறார்கள். நம்முள் சிலரைப் பிந்தவைத்தது பயம். அந்தப் பயத்துக்கு ஓர் அழகான வரியைத் தந்தவள் நான். அதை இன்று திரும்பப் பெறுகிறேன்!"

ஐந்தாம் நிமிடம் கடந்தது. ஏழாம் நிமிடமும் கடந்தது. மணி ஒலிக்கவில்லை. பேசி முடித்ததும் எழுந்த கைதட்டலின் பாதிக்கும் வெள்ளவத்தையில் கேட்டது காணாது.

இறங்கி வந்தபோது அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ரெண்டு நிமிஷம் கூட. போட்டியெண்டா புள்ளி வெட்டியிருப்பன்."

"நீங்க பெல் அடிக்கேல்லையே!"

"கை மேல இருந்ததே, எப்படி அடிக்கிறது?" என்றவர், மணியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "நாளைக்குக் கிளினிக் எத்தின மணிக்குத் திறப்பாங்கள்?"

சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. சிறுநீரகங்கள் ஓரளவு தளர்ந்திருந்தன. முற்றாகக் குணமாகும் நோயன்று, ஆனால் அதன் வேகத்தைக் குறைக்க முடியும் என்றார் மருத்துவர். பிரஷர் மருந்து மாறியது, நோவுக் குளிசை நின்றது. அம்மா கருவாட்டையும் ஊறுகாயையும் இரக்கமின்றி நாடுகடத்தினார். ஒன்றரை ஆண்டாயிற்று, சோதனைக்குச் சோதனை அளவு அதே இடத்தில் நிற்கிறது. நான் வாதிட்டு வென்றவற்றுள் தலையாயது இதுவே. பெருமையோடு சொல்கிறேன்.

சென்ற வாரம் பிரஷர் மருந்து வாங்க அப்பாவோடு பார்மசிக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் நோவுக் குளிசை ஓர் அட்டை கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்தினார். கடையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, கிட்னி வருத்தம் கொழும்பாருக்கு வெறும் செய்தியெண்டு நினைக்காதீங்க..."

"சேர், தொடங்கிட்டீங்களா?" என்று கடைக்காரர் தலையில் கைவைத்தார். "நீங்க வந்தாலே என்ட வியாபாரம் படுத்துரும்!"

அப்பா கேட்கவில்லை. நான் சொன்ன அதே வரிசையில், நான் நிறுத்திய அதே இடங்களில் நிறுத்தி, சீனியிலிருந்து பிரஷருக்குப் போய்க்கொண்டிருந்தார். குளிசை கேட்டவர் அட்டையைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. கண்ணாடி மேசையில் விரலால் இரண்டு முறை தட்டினேன்.

அவர் நிறுத்தவில்லை.