குழாயில் எடுத்த சுதி

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். கை கோணலாகப் போகும், சொல்ல வந்தது பாதியில் மறந்துவிடும். யார் பெயரையும் போடவில்லை, போட்டால் எனக்குத்தான் கூச்சம். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: லாரியில் மிஷினைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் தண்ணீருக்குப் போர் போடுகிற வேலை. வருஷத்தில் பெரும்பகுதி பாஷை தெரியாத வடக்கு ஊர்களில்தான் இருப்பார். அங்கே அவருக்குப் பேச்சுத்துணை ஒரு மவுத் ஆர்கன். இரண்டு வரிசை ஓட்டை உள்ளது, சட்டைப் பையில் நீட்டிக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு முன்னிருந்தே வாசிக்கிறார். கம்ப்ரெசர் சத்தம் காதைத் தின்ற பிறகும் விடவில்லை. காது கேட்காமல் எப்படி வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பல்லில் தெரியும் என்றார். உதட்டிலும் பல்லிலும் வருகிற நடுக்கத்தை வைத்தே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

வேலையை விட்டு வீட்டோடு வந்தபின் சாயங்காலமானால் வாசலில் கட்டில் போட்டு வாசிப்பார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே கேட்பேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டதில்லை. என் சுபாவம் அப்படி.

போன கோடையில் எங்கள் வெள்ளாமைக் காட்டு போர் வற்றிவிட்டது. அவர் போட்ட போர் அது. மோட்டாரையும் பைப்பையும் மேலே எடுத்துவிட்டோம். தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் குழாய் மட்டும் வாய் திறந்து நின்றது. ஒருநாள் அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா பார்க்கலாமென்று, கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் அடித்துக்கொண்டு குனிந்தார். போர்க்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கன் நழுவி உள்ளே போய்விட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குழாயில் தட்டித் தட்டிப் போன சத்தம் கேட்டது. அடியில் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. வெகுநேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் போயிற்று. அப்புறம் பொழுதன்னிக்கும் அந்தக் குழாய் ஓரத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்துக்கொண்டிருப்பார். சோற்றுக்குக் கூப்பிட்டால், கையசைத்துப் பேசாதே என்பார்.

"ஊதுது புள்ள. என்ற மூச்சு இன்னும் அதுக்குள்ள இருக்குது" என்றார். வருஷக்கணக்காக அவர் ஊதிய மூச்சாம்.

எனக்கும் கேட்டது. மதியம் வெயில் ஏறினால் குழாய்க்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் பொழுது சாயும்வரை வரும். ஒரே சுரம், ஏறாது இறங்காது. சேலை நூல் ஒன்றை உருவிக் குழாய்மேல் பிடித்துப் பார்த்தேன். காலையில் பிடித்தால் நூலை உள்ளே இழுத்தது. மதியம் பிடித்தால் வெளியே தள்ளியது. மவுத் ஆர்கனும் அப்படித்தானே, ஊதினாலும் சத்தம், உறிஞ்சினாலும் சத்தம்.

பக்கத்துக் காட்டில் மேச்சேரி ஆடு வைத்திருக்கிற அம்மா ஒருத்தி உண்டு. அவளுடைய ஆடுகள் எங்கள் வரப்பெல்லாம் மேயும், அந்தக் குழாய்ப் பக்கம் மட்டும் வராது. அங்கே புல் தழைத்து நிற்கும், தொடாது. அவள் பேத்தி அப்போதுதான் நடை பழகியிருந்தாள். குழந்தைக்கு அந்தப் பயம் இல்லை. சத்தம் வருகிற பக்கமே தத்தித் தத்திப் போவாள். இரண்டு முறை நான் ஓடிப் பிடித்தேன்.

மூடி போட்டுவிடுங்கள் என்று ஆட்டுக்கார அம்மா தன்மையாகத்தான் சொன்னாள். பஞ்சாயத்திலிருந்து வந்தும் சொல்லிவிட்டுப் போனார்கள். இரும்பு மூடியும் வாங்கி மாடு கட்டுகிற கட்டுத்தரையில் கிடந்தது. இவர் விடவில்லை. மூடினால் மூச்சு அடைத்துப்போகும் என்றார். யாருடைய மூச்சு என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு குறைந்து ஆளும் பாதியாகிவிட்டார்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு அந்தக் கொழாய ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிட்டாருங்களா?" என்று ஆட்டுக்கார அம்மா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

அன்றைக்குத்தான் புது மவுத் ஆர்கன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையில் ஒன்று வந்துவிட்டால் குழாயை விட்டுவிடுவார், மூடியைப் போட்டுவிடலாம், குழந்தைக்கும் ஆபத்தில்லை, அவரும் தேறிவிடுவார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேலம் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாட்டு சாமான் விற்கிற கடை ஒன்று. கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றால் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், வருஷக்கணக்காக வாசிக்கிறவருக்கு அப்படி முடியாது என்றார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதியில் செய்தது, வேறு சுதியைக் கொடுத்தால் செருப்பு மாறிப் போட்ட மாதிரி இருக்கும், பழையதைக் கொண்டுவாருங்கள் என்றார். பழையது பூமிக்குள்ளே இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் திரும்பவும் போனேன். இந்தத் தடவை இரண்டு கொண்டுபோனேன். ஒன்று அவருடைய பழைய சட்டை. பை அந்த மவுத் ஆர்கன் அளவுக்கே இழுத்துத் தொங்கிப்போயிருந்தது. இன்னொன்று சுதி. முதல்நாள் மதியம் அவர் கண்ணயர்ந்தபோது குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து முனகிப் பழகினேன். தூங்கும்வரை முனகினேன். காலையில் எழுந்தபோதும் அது தொண்டையிலேயே இருந்தது.

பஸ்ஸில் வாயைத் திறந்தால் சுதி போய்விடுமென்று பயம். உதட்டை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே முனகிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் எங்கே போகணும் என்றார். நான் ரூபாயை நீட்டினேன்.

"வாயில வெத்தலைங்களா ஆத்தா? துப்பிப்போட்டுச் சொல்லுங்க, ஊடு வரைக்கும் கொண்டுபோய் உடறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நல்லவேளையாகப் பக்கத்துப் பெண் சேலம்தான் என்று சொன்னாள்.

கடைக்காரர் சட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பையில் போட்டுப் பார்த்தார், ஒரு அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த அளவிலேயே பல சுதி இருந்தது. எச்சில் என்று யாரையும் ஊதிப் பார்க்க விடுவதில்லை, சின்னத் துருத்தி ஒன்றை வைத்து அழுத்திக் காட்டுவார். எந்தச் சுதிங்கம்மா என்றார். ஜனங்கள் நின்றார்கள். என் ஆயுசில் நாலுபேர் முன்னால் பாடினதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

வந்தது என் குரல் இல்லை. என் குரல் மெலிசு. அது அடியிலிருந்து வந்தது, இரும்பும் ஈரக்கல்லும் கலந்த வாசத்தோடு. நிறுத்தப் பார்த்தேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது. கடைக்காரர் துருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே என்னைப் பார்த்தார். அப்புறம் ஒன்றை எடுத்து அழுத்தினார். அதே சுரம். ஜி சுதி என்று சொன்னதாக ஞாபகம். மிச்சச் சில்லறையைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார்.

சாயங்காலம் அவர் குழாய் ஓரத்தில்தான் இருந்தார். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாயில் வைத்து ஒரு மூச்சு விட்டார். உடனே எடுத்துவிட்டார்.

"சாமானம் நல்ல சாமானம். ஆனா என்ற பழசு இந்தச் சுதி இல்ல புள்ள. இது கீழ நிக்குது. எதை வெச்சு வாங்கின?"

காதருகே போய்ச் சொன்னேன். இந்தக் குழாயில் கேட்டதைத்தான் கொண்டுபோனேன் என்றேன்.

அவர் திரும்பவும் வாயில் வைத்தார். ஒரு கையைக் குழாய்மேல் வைத்துக்கொண்டு அடியோரத்து ஓட்டை ஒன்றை ஊதினார். பல்லிலும் கையிலும் ஒரே நடுக்கம் வந்திருக்க வேண்டும். ஊதுவதை நிறுத்தினார். குழாய் நிறுத்தவில்லை. கையைச் சூடு பட்டவர் போல எடுத்துக்கொண்டார்.

"அப்ப உள்ள ஊதறது என்ற மூச்சு இல்ல" என்றார்.

எழுந்து கட்டுத்தரைக்குப் போய் அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு கை பிடித்தேன். போல்ட்டை முறுக்கி, மேலே காரையும் பூசினார். பொழுது இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆட்டுக்கார அம்மாவின் பேத்தி இப்போது அந்தப் பக்கம் ஓடி விளையாடுகிறாள். ஆடுகள் மட்டும் இன்னும் போவதில்லை. அவர் புதியதில் பழகிவிட்டார், உடம்பும் தேறியிருக்கிறது. சாயங்காலமானால் வாசல் கட்டிலில் வாசிக்கிறார். அந்த அடியோரத்து ஓட்டையை மட்டும் தொடுவதில்லை. பாட்டு அங்கே வந்தால் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு மேலே போவார். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் என் தொண்டை தானாக முனகி நிரப்பும். கையிலிருக்கிற தண்ணீர் அதிரும்போதுதான் எனக்கே தெரியும். அவருக்குக் காது கேட்காதது நல்லதாயிற்று.

ஜி சுதி என்றுதான் எழுதியிருக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். போர் குழாய் காலையில் இழுத்து மதியம் விடுமா, மாற்றி எழுதிவிட்டேனா, அதுவும் சரியாக ஞாபகமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. சுதியைச் சரிபார்க்க என்னை மட்டும் முனகிக் காட்டச் சொல்லவேண்டாம்.