ஜன்னல் வைத்த குதிரைப் பெட்டி

ராயபுரம் கூட்ஸ் யார்டில் நான் நம்பர் எடுப்பவனாக இருந்தேன். வந்து நிற்கிற வேகன்களின் ஓரமாக நடந்து, ஒவ்வொன்றின் நம்பரையும் புத்தகத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. துறைமுகத்துச் சரக்கு, எண்ணூர் உப்பு, வழி தப்பி வடக்கேயிருந்து வந்த வண்டி எல்லாமே எனக்கு நம்பர்தான். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோம்; பார்த்தால் நடை பிந்தும், வண்டி நகர்ந்துவிடும். நம்பர் இல்லாத பொருள் எங்கள் கண்ணில் படாது. இதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பகலெல்லாம் பார்த்த வேகன்களை வீட்டுக்கு வந்து சின்னதாகச் செய்வேன். என் பைத்தியம் அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. ஊரைக் காலி செய்த வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை எஞ்சின் ஒன்று மூர் மார்க்கெட்டில் கிடைத்தது, வட்டத் தண்டவாளத்தோடு. வேகன்கள் நான் செய்தவை. பிஸ்கட் டின்னும் தேயிலைப் பெட்டிப் பலகையும் உடம்புக்கு; பெரிய பித்தான் மேல் சின்னப் பித்தானை ஒட்டினால் விளிம்பு வைத்த சக்கரம் தயார். சாதாரண வேகன் செய்வதில் எனக்கு ருசி கிடையாது. பாய்லர் ஏற்றுவதற்காக நடுவயிறு தாழ்ந்த வண்டி, உப்பு தின்று கூரை சல்லடையான வண்டி, இப்படி விசித்திரமாக இருந்தால்தான் கை ஓடும். கடைசியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டால்தான் எனக்கு அது வண்டி.

என் மனைவிக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. சாயங்காலம் கடல் காற்று உள்ளே வரும் நேரத்தில் இரண்டு பேரும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் வண்டி மெல்ல மெல்லப் பெரிதாகி நிஜ அளவுக்கு வந்துவிடும். கட்டில் கால் ஒரு மலை. சுவரோரத் தண்ணீர்க் குடம் ஏதோ ஊர். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் எஞ்சின்தான் ஊதியது என்று வைத்துக்கொள்வோம்.

அப்படி ஒரு நாள் படுத்திருக்கும்போது அவள் சொன்னாள்: "ரயில்ல குதிர ஏத்தினு போவாங்களே, அந்த குதிரப் பொட்டி ஒண்ணு செய்யேன்யா. குதிரைக்காரன் குந்துற ரூமுக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல் கீது பாரு, அத்தோட."

"அப்டி ஜன்னலெல்லாம் கெடையாதுமே," என்றேன். "நான் பாக்காத வண்டியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம் அவளுக்கு எட்டு வயது. அப்பா ஹார்பர் வேலையை விட முடியாமல் இங்கேயே நின்றுவிட்டார். அம்மா, அவள், மூன்று வயதுத் தம்பி மூவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமில்லை. பந்தயக் குதிரைகளையும் அன்று ஊரைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குதிரைக்காரர் ஒருவர் பாவம் பார்த்துத் தன் சின்ன அறையில் இவர்களை ஏற்றிக்கொண்டாராம். வழியில் சுவரில் ஜன்னல் போல ஒரு சின்னக் கதவு திறந்து குதிரை முகத்தை நீட்டியதாம். தம்பி கையை நீட்ட, அது உள்ளங்கையில் மூச்சு விட, அவன் சிரித்தானாம். ஊர் போய்ச் சேர்ந்த வாரமே ஜுரத்தில் அவன் போய்விட்டான். இவளுக்கும் ஜுரம். அம்மா அந்தப் பயணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அப்பாவோ, "தேர்ட் கிளாஸ் டிக்கெட் நான்தானே வாங்கிக் குட்தேன், குதிரையாவது கய்தையாவது," என்பார்.

"ஜொரத்துல கண்ட கனவுமே அது," என்றேன் நானும்.

"எல்லாரும் அத்தத்தான் சொல்றாங்க. ஜன்னல் இல்லன்னா அவன் சிரிச்சதும் இல்லன்னு ஆயிடும். எனுக்கு அவன்கிட்டேர்ந்து வேற ஒண்ணும் இல்லய்யா."

"எப்டிச் சிரிச்சான்?"

அவள் எஞ்சினுக்குச் சாவி கொடுத்தாள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுக்காகக் குதிரைப் பெட்டி செய்தேன், ஆனால் ஜன்னல் இல்லாமல். குதிரைப் பெட்டிகள் பாசஞ்சர் வண்டியோடு போகிறவை, கூட்ஸ் யார்டுக்காரனான என் புத்தகத்தில் அவை ஏறுவதே இல்லை என்ற உண்மையை மட்டும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற பேர் கெட்டுவிடுமே. அவள் பெட்டியைக் கையில் வாங்கி, "நல்லா கீது," என்றாள். அலமாரியில் வைத்தாள். ஒரு தடவைகூட அதை வண்டியோடு கோத்து ஓட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு வேகன் ஒன்றை அளவெடுக்க எண்ணூர் போனேன். அவளும் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். உப்பளம் வெள்ளையாக வானம் வரைக்கும் போயிற்று. வெயிலில் தூரத்து வேகன்கள் தண்ணீர்மேல் நிற்பது போலத் தெரிந்தன. நான் நாடாவோடு வேகனைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிழல் தேடி அவள் தண்டவாளம் பழுது பார்க்கிற லைன்காரர்கள் சாமான் போடுகிற கொட்டகைக்குப் போனாள். சக்கரம் கழற்றி, கட்டைகள்மேல் உட்காரவைத்து, தார் பூசிய பழைய வண்டி உடம்பு அது. வேலையாக அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

"இங்க வாய்யா," என்றாள். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை.

மண்வெட்டிகளுக்கும் கூடைகளுக்கும் பின்னால் குறுகலான அறை. ஒரு பக்கம் பலகை இருக்கை. அதில் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாளோடு. கல்லை எடுத்து நாலு தட்டு தட்டினேன். திறந்தது. அந்தப் பக்கம் நீளமான வெற்று இடம், பலகை இடுக்குகளில் கோடு கோடாக வெயில். ஜன்னலின் கீழ்க்கட்டை முழுக்கக் கடித்துக் கடித்துக் குழிந்திருந்தது. விரலால் தடவினேன். ஒவ்வொரு பல்லும் தெரிந்தது.

அவள் எழுந்து வந்து கையை ஜன்னலுக்குள் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். எதுவும் வரவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் போன பெட்டி இதுதானா? தெரியாது. நம்பர் தாருக்குள் மூழ்கியிருந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் பழக்கத்தில் எப்போதோ எழுதியிருப்பேன், அப்போதும் உள்ளே பார்த்திருக்க மாட்டேன்.

"மன்னிச்சுக்கமே," என்றேன்.

"அளவு எடு," என்றாள்.

ஜன்னலை அளந்தேன், அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு என்று. உப்பு வேகனை மறந்தே போனோம்.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த பெட்டியைப் பிரித்தேன். நடுச்சுவரில் ஜன்னல் அறுத்தேன். கீழ்க்கட்டையை அவள் கையில் எடுத்துக்கொண்டு, தையல் ஊசியால் பல் தடங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். பூதக்கண்ணாடி வைத்தாலும் சரியாகத் தெரியாத வேலை. பெயிண்ட் காய்ந்ததும் வழக்கப்படி வெள்ளைத் தூரிகையை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

"நம்பர் போடலியா?"

"இதுக்கு வேணாம்."

கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தோம். எஞ்சின் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. எங்கள் முகத்துக்கு நேரே குதிரைப் பெட்டி பெரிதாகி, மெதுவாகக் கடந்து போனது. அவள் என் பக்கம் திரும்பினாள். மூக்கால் இரண்டு தடவை புஸ் புஸ்ஸென்று காற்றை விட்டு, மூன்றாவதில் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இப்டித்தான்யா சிரிச்சான்," என்றாள்.