உப்புப் போட்ட ஐஸ்

புஸ்பத்துக்கு நான் ஐந்நூறு ரூபா கடன்காரன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கடன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளில் மீன் விற்று, லொறி வாங்கி, ஐஸ் கம்பனி போட்டவன். சண்டைக்குள்ளும் எங்கள் செட்டிபாளையத்து இறாலைக் கெடாமல் கொழும்பில் இறக்கியது என் லொறி ஒன்றுதான். படித்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கினார்கள்!

புஸ்பம் எங்கள் ஊர் அன்னப்பூரணி அக்காவின் ஒரே மகள். தகப்பன் இல்லை. மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் திலாப்பியா மீன்களுக்கு ஊசி போட்டு, கிழமைக்குக் கிழமை எடை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, மீனுக்குச் சத்தூசியா?"

"சத்தில்ல மாமா. வளர்ச்சி ஓமோன் மீன்ட தலைக்குள்ளயே இருக்கு. அதை வெளிய விடு எண்டு சொல்லுற மருந்து இது. ஆக்கள் செய்தெடுத்தது. பெப்டைட் எண்டு பேர்."

"அப்ப எனக்கும் ஒண்டு போடு. ரெண்டு அங்குலம் கட்டை."

"உங்கட வாய் வளந்தது காணும் மாமா!"

ஊசி போட்ட மீன் போடாத மீனைவிட வளர்ந்தால், அந்தக் கணக்கைக் காட்டித் தை மாதம் லண்டனில் மேல்படிப்பு. அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

கொழும்பிலிருந்து கரைத்த மருந்து, பத்துச் சின்னக் குப்பி, என் லொறியில் வர வேண்டும். லொறிக் கூலியாக ஐந்நூறு ரூபா தந்தாள்.

"குளிரா இருக்கோணும் மாமா. ஆனா உறையப்படாது."

"ஐஸைப் பற்றி எனக்கா படிப்பிக்கிறாய்? பழுதாப் போனா காசைத் திருப்பித் தருவன், போ."

வழியில் சோதனைச் சாவடியில் ஒன்றரை நாள் மறித்து வைத்தார்கள். ஐஸ் கரையக் கரைய எனக்குப் பதறியது. இறாலுக்குச் செய்வதையே செய்தேன்: மிஞ்சியிருந்த ஐஸில் உப்பை அள்ளிக் கொட்டினேன். உப்புப் பட்ட ஐஸின் குளிர் கடுமை. இறால் கல்லாகிவிடும். குப்பிகளும் கல்லாகிவிட்டன.

உள்ளங்கையில் பொத்தி உருக்கினேன். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீன் வளரவில்லை.

"என்ட கையிலதான் பிழை மாமா," என்றாள். "ஊசி சரியா இறங்கல்ல போல."

நான் வாய் திறக்கவில்லை. ஐஸ்காரனுக்கு ஐஸ் தெரியாது என்று ஊர் சொல்லுமே!

லண்டன் ஒரு வருடம் தள்ளிப்போனது. பிறகு, அந்த மாசியில், திரும்பச் செய்து பார்க்கப் புது மீன் பிடிக்கத் தோணியில் போனவள் வாவியில் வெடிபட்டுச் செத்துப்போனாள். யார் சுட்ட வெடி என்று இன்றுவரை தெரியாது. தையிலேயே லண்டன் போயிருக்க வேண்டிய பிள்ளை.

பதினொரு வருடம் கழித்து, போன மாதம்தான் அன்னப்பூரணி அக்காவிடம் போய் எல்லாம் சொன்னேன்.

"சோத்துல கை வெச்சிட்டும் புள்ள அந்தக் கையையே பாத்துக்கொண்டிருப்பாள், தம்பி."

"கை பிழையில்ல அக்கா. நான்தான் பிழை. ஒரு லட்சம் கொண்டந்திருக்கன்."

"புள்ள எவ்வளவு தந்தவள்?"

"ஐந்நூறு."

"அதைத் தா."

கையை விரித்து நீட்டினார். நூறு ரூபாத் தாள்கள். ஊரில் என்னைப்போல் வேகமாகக் காசு எண்ணுகிறவன் இல்லை. அன்றைக்கு ஐந்து தாளை எண்ணி அந்தக் கையில் வைக்க, எனக்கு மூன்று தடவை பிழைத்தது.