பெயர் சொல்லிக் கூப்பிடாதே

இருபது அடிக்கு ஒரு குச்சியை ஒடித்துத் தொங்கவிட்டபடிதான் கெல்சும் காட்டுக்குள் நடப்பாள். முறிந்த முனை வீட்டுப் பக்கம் பார்த்திருக்கும். முப்பது வருஷமாகப் பெத்தாய் என்கிற காட்டு அவரைக்காய் பறிக்கப் போகிற காடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேர்வாள். அதை அவளிடம் சொல்லிவிடக் கூடாது. "எல்லாம் தெரியும்னு போனவந்தான் காணாமப் போறான்" என்று சீறுவாள்.

இடுப்பில், ஈரத்திலும் தீ மூட்டச் சைக்கிள் டியூப் சுற்றிய லைட்டரும் மடித்த பிளாஸ்டிக் தாளும் எப்போதும் உண்டு. சந்தைக்குப் போனாலும் அவிழ்க்கமாட்டாள். மீன்கடையில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வழி தவறினால் என்ன செய்வதென்று கேட்டால் ஒரே பதில்தான்: "உக்காந்துரு. நீ நடக்க நடக்க, தேடுறவனுக்குத்தான் வேலை."

பக்கத்து வீட்டுச் சிடேக் பிரம்பு வெட்டப் போய் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. டவுனிலிருந்து வந்த மீட்புக்காரர்கள் ஒலிபெருக்கியில் தொண்டை வற்ற அவன் பெயரைக் கத்தினார்கள். பதில் இல்லை. இனி உடலைத்தான் தேட வேண்டும் என்று ஒருவர் முணுமுணுக்க, தாயில்லாத அவனை வளர்த்த அக்கா ஜகாரா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கெல்சுமுக்கு வந்ததே கோபம்.

"காட்டுல பேரச் சொல்லி எது கூப்பிட்டாலும் வாயத் தொறக்காத, தொறந்தா அது கூட்டிட்டுப் போயிரும்னு சொல்லித்தான் தம்பி இங்க பிள்ளைய வளக்குறோம். நீங்க கூப்பிடக் கூப்பிட அவன் பயந்து ஒளிஞ்சிருப்பான்."

அவர்களை வாயை மூடிக்கொண்டு பின்னால் வரச் சொன்னாள். பெருமரங்களின் பலகைபோல் புடைத்த வேரில் வெட்டுக்கத்தியின் முதுகால் மூன்று தட்டு; பெயர் சொல்லாமல் ஆளைத் தேடும் ஊர் வழக்கம். நின்று காது கொடுப்பாள். மறுபடி மூன்று. ஏழாவது மரத்தில், கீழே பள்ளத்திலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

கால் பிசகி, வாழையிலையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சிடேக். அவர்கள் கூப்பிட்டதெல்லாம் கேட்டதாம். பேய்க்கு ஏதுடா ஒலிபெருக்கி என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். மகா கெட்டிக்காரி, எதை எப்போது கேட்கக் கூடாது என்பதும் தெரியும்.

தோள் கொடுத்துக் காட்டோரம்வரை கூட்டி வந்தாள். சாலையில் நின்ற ஜகாரா தம்பியைக் கண்டதும் கைகளை விரித்தாள். பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. அக்கா கூப்பிட்டால் அவன் பதில் சொல்லாமல் இருக்கமாட்டான். அவனோ இன்னும் மரங்களுக்குள்தான் நிற்கிறான்.

அவனை மீட்புக்காரர் கையில் தள்ளிவிட்டு ஒரே பாய்ச்சலில் போய், சேறு அப்பிய உள்ளங்கையால் ஜகாராவின் வாயைப் பொத்தினாள் கெல்சும். அவனுடைய இரண்டு காலும் தார்ச்சாலையில் படும்வரை எடுக்கவில்லை.